சீழ் வராத புண்

தம்பிமார், தங்கச்சிமார்,

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி, போன மாதம் உங்களில் மூன்று பேர் வீட்டுக்கு வந்தீர்கள். தேத்தண்ணீர் குடித்தீர்கள். வெயிலைப் பற்றிக் கதைத்தீர்கள். வாசல் படலையடியில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு தங்கச்சி திரும்பி, "மறக்க ஏலாத அனுபவம் ஒண்டு எழுதுங்கோ மிஸ். சந்தோஷமானது எண்டா நல்லம்" என்றாள். சந்தோஷமானவற்றை நான் மறந்துவிட்டேன். மறக்க முடியாதது எது என்று கேட்டால் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மறக்கத் தெரிந்திருந்தால் அதையும் மறந்திருப்பேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யுத்தத்தில் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, புத்தளத்தோடு ஒட்டிக்கொண்ட குடும்பம் என்னுடையது. இந்தக் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் பொறுப்பாளராக இருந்தேன். என் வாய் பொல்லாதது என்று ஆஸ்பத்திரி வாட்டுகளில் கதை உண்டு. அந்தக் கதை பொய்யில்லை. தாதிமார் என்னுடைய தொலைபேசி அழைப்பு வந்தால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்களாம். அதில் எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது. கெடுத்தது அந்தப் பெருமைதான், ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அந்த முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். கிருமிப் பரிசோதனை மேசையில், மை காய்ந்த பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் மரப்பிடி போட்ட இறப்பர் முத்திரை. "மாதிரி உகந்ததல்ல. மீண்டும் எடுத்து அனுப்பவும்." சிலாபத்தில் கொடுத்து அதைச் செய்வித்தவள் நான். அதற்கு முன் புண்ணிலிருந்து எடுத்து அனுப்பும் பஞ்சுக் குச்சிகள் கண்டபடி வரும். புண்ணுக்குள் விட்டு எடுக்கச் சொன்னால் மேலால் ஒரு தடவு தடவி அனுப்புவார்கள். தோலில் எப்போதும் இருக்கிற கிருமி அதில் வளரும். அதை நம்பி டொக்டர்மார் தேவையில்லாத மருந்து எழுதுவார்கள். இதை நிறுத்த எங்களிடம் ஒரு விதி இருந்தது. குச்சியைக் கண்ணாடியில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். கிருமியும் சீழ்க் குழியங்களும் சேர்ந்திருந்தால் அது உண்மையான புண். கிருமி மட்டும் இருந்து சீழ்க் குழியம் ஒன்றுமே இல்லாவிட்டால், குச்சி புண்ணைத் தொடவில்லை, தோலைத்தான் தொட்டிருக்கிறது. முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

நல்ல விதி. இன்றைக்கும் நல்ல விதிதான், அதை எடுத்துவிடச் சொல்லி நான் எழுதவில்லை. முத்திரை வந்த பிறகு வாட்டுகள் திருந்தின. கொழும்பிலிருந்து பார்க்க வந்தவர்கள் கூட நல்ல ஒழுங்கு என்றார்கள். முத்திரையைக் குத்தும்போது மேசை அதிர ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒரு வைகாசி மாதம். காற்று வாவிப் பக்கமிருந்து அடித்து, யன்னல் கம்பியெல்லாம் உப்புப் பிடித்துக் கிடந்தது. பிள்ளைகள் வாட்டிலிருந்து இருபத்தாறு நாள் பெண் குழந்தை ஒன்றின் இரத்தம் வந்தது. கரைத்தீவுப் பக்கத்துக் குழந்தை. வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பம், தகப்பன் வாவியில் மீன்பிடித் தொழில் செய்கிறவர். குழந்தையின் பெயர் மின்ஹா. தொப்புளைச் சுற்றிச் சிவந்திருக்கிறது, காய்ச்சல் என்று படிவத்தில் எழுதியிருந்தார்கள்.

எங்கள் இயந்திரம் அந்த இரத்தத்தில் வெண்குழியம் என்கிற வெள்ளை அணு அறுபத்திரண்டாயிரம் என்றது. அந்த வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டு, பதினைந்து, மிஞ்சினால் இருபதாயிரம் இருக்கலாம். இரத்த மேசையில் இருந்த பிள்ளை பயந்துபோய் என்னிடம் கொண்டுவந்தாள். திரும்ப ஓட்டினோம். அதே எண். கண்ணாடியில் பூசிப் பார்த்தோம். புற்றுநோய்க்குரிய குழியம் ஒன்றும் இல்லை. எல்லாம் முதிர்ந்த, வடிவான, கிருமியோடு சண்டைபிடிக்கிற குழியங்கள். "கடுமையான தொற்று இருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

அன்றைக்கே அந்தக் குழந்தையின் தொப்புளிலிருந்து எடுத்த பஞ்சுக் குச்சியும் வந்தது. அது என் மேசை. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் கிருமி அள்ளிக் கொட்டியது போல் கிடக்கிறது. சீழ்க் குழியம் ஒன்று கூட இல்லை. முத்திரையைக் குத்தினேன்.

மறுநாள் இன்னொரு குச்சி வந்தது. அதே காட்சி. இன்னொரு முத்திரை.

மூன்றாம் நாளும் அப்படியே வந்தபோது எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வாட்டுக்கு அழைத்தேன். குச்சி எடுத்தது யார் என்று கேட்டேன். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களத் தாதிப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. எங்களோடு தமிழில்தான் கதைப்பாள், தட்டுத் தடுமாறி, ஆனால் விடமாட்டாள். அவளையே தொலைபேசிக்குக் கூப்பிட்டேன்.

"மூண்டு நாளா என்னத்தைத் தடவி அனுப்புறீர்? ஒரு புண்ணில இருந்து குச்சி எடுக்கத் தெரியாதா உமக்கு?"

"அக்கா, நான் நல்லா உள்ளுக்கு விட்டுத்தான் எடுத்தது. பேபி அழுதது."

"அப்ப சீழ் எங்க?"

"சீழ் இல்ல அக்கா. இல்லாதது எப்படி எடுக்கிற?"

எதிர்த்துக் கதைக்கிறாள் என்று நினைத்தேன். வாட்டின் பொறுப்புத் தாதியைக் கூப்பிட்டு, மூன்று முத்திரை விழுந்திருக்கிறது, கவனியுங்கள் என்றேன். அந்தப் பிள்ளையிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். இல்லாததை எப்படி எடுக்கிறது? முழு நோயும் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. முப்பது வருட அனுபவம் உள்ளவள் நான், அவளுடைய தமிழைத்தான் கவனித்தேன்.

அன்று பின்னேரம் குழந்தையின் தாய் எங்கள் யன்னலுக்கு வந்தாள். ரிஸ்மியா என்று பெயர். இருபத்தைந்து வயது இருக்கும். திருப்பி அனுப்பிய படிவத்தை வாட்டில் அவள் கையில் கொடுத்து, ஆய்வுகூடத்தில் கேட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். நோயாளியின் வீட்டு ஆட்களைத் தபால்காரர் ஆக்காதீர்கள் என்று எத்தனை தரம் சொல்லியும் இது நிற்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"மிஸ், இதில என்ன எழுதியிருக்கு?"

"சரியா எடுக்கேல்ல எண்டு எழுதியிருக்கு. திரும்ப எடுக்கோணும்."

"திரும்பத் திரும்ப எடுத்தா புள்ளைக்கு நோகுது மிஸ். அதில சீழ் வாறேல்ல. மூத்தவனுக்கு ஒரு முள்ளுக் குத்தினாலே ரெண்டு நாளில வெள்ளையா கட்டி உடையும். இவளுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல. சிவப்பாத்தான் கிடக்குது. தொப்புள் கொடியும் இன்னும் விழேல்ல. எங்கட வீட்டில கொடி விழுந்தாத்தான் தொட்டில் கட்டுற. மாமி ஒவ்வொரு நாளும் கேக்கிறா."

நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"தொப்புளில என்ன பூசினீங்க?"

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"சாம்பல், எண்ணெய், கோப்பித்தூள். என்ன பூசினீங்க?"

"ஒண்டும் பூசேல்ல மிஸ். கிளினிக்கில சொன்ன மாதிரி சும்மாதான் விட்டன்."

"பொய் சொல்லாதீங்க தங்கச்சி. எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறது."

அவள் கையை நீட்டிப் படிவத்தை வாங்கிக்கொண்டாள். நான் விட்டேனா? வாங்கிய படிவத்தைத் திரும்பத் தரச் சொல்லி, முத்திரைக்குக் கீழே என் கையால் ஒரு வரி எழுதினேன். "தொப்புளில் வெளிப்பொருள் பூசப்பட்டிருக்கலாம்." எழுதிக் கையெழுத்தும் போட்டேன். குச்சியில் சாம்பலின் அடையாளம் இருந்ததா என்றால் இல்லை. எண்ணெய் இருந்ததா, இல்லை. முத்திரை மூன்று தரம் விழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற, படிப்புக் குறைந்த, திருப்பிக் கதைக்கத் தெரியாத ஒருத்தியின் தலையில் அதைக் கட்டிவிட்டேன்.

மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. வெண்குழியம் முப்பத்தெட்டாயிரத்துக்கு வந்தது. குறைகிறதுதானே என்று எல்லோருக்கும் ஆறுதல். பத்தாம் நாள், போகலாம் என்று துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிமேல் தொப்புளில் ஒன்றும் பூசக் கூடாது என்று, மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்கு ஒரு வகுப்பும் எடுத்தார்களாம்.

இரண்டரை மாதத்தில் குழந்தை திரும்ப வந்தது. இந்த முறை காய்ச்சலோடு தொடைப் பக்கத்தில் ஒரு புண். ஊசி போட்ட இடம் சிறிய கீறல் போல் தொடங்கி, ஐந்து ரூபாய் நாணயக் குத்தியளவு பெருத்துவிட்டது. நான் வாட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள், புண் கழுவித் துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்ததாம். நீர்க்கசிவும் இல்லை, சீழும் இல்லை. உள்ளே மட்டும் தின்றுகொண்டே போகிறது.

அது ஒரு வியாழக்கிழமை. இரத்த மேசைப் பிள்ளை லீவு. இரண்டு மேசையையும் நானே பார்க்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் இன்றுவரை எனக்கு விளங்கியிருக்காது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் இரத்தத்துக்கு ஒரு பதிவேடு, கிருமிக்கு ஒரு பதிவேடு. இரத்தப் படிவம் ஒரு நிறம், கிருமிப் படிவம் இன்னொரு நிறம். இரண்டிலும் நான்தான் கையெழுத்து வைக்கிறேன், ஆனால் ஒன்றைக் காலையிலும் மற்றதைப் பின்னேரமும் வைக்கிறேன். அன்று இடமில்லாமல் இரண்டையும் ஒரே மேசையில் போட்டேன்.

ஒரு படிவத்தில்: மின்ஹா, வெண்குழியம் தொண்ணூறாயிரம். பக்கத்துப் படிவத்தில்: மின்ஹா, புண், கிருமி நிறைய, சீழ்க் குழியம் இல்லை.

சீழ் என்றால் என்ன? செத்த வெண்குழியங்களின் குவியல். இரத்தத்தில் தொண்ணூறாயிரம் ஓடுகிறது. இரண்டு விரல் தள்ளிப் புண்ணில் ஒன்று கூட இல்லை. அப்படியென்றால் அவை ஏன் அங்கே போகவில்லை?

பயிற்சிக் காலத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. பரீட்சைக்குப் படித்து, எழுதிவிட்டு, மறந்துபோன பாடம். உடம்பில் ஓரிடத்தில் கிருமி புகுந்து அழற்சி வந்தால், அந்த இடத்து இரத்தக் குழாயின் உட்சுவர் மாறும். வழுவழுப்பாக இருந்த சுவரில் பிடிமானங்கள் முளைக்கும். இரத்தத்தோடு அடித்துப்போகிற வெண்குழியம் அதில் தொட்டுத் தொட்டு உருளும். வேகம் குறையும். பிறகு தன் பக்கமிருந்தும் கைபோட்டு, சுவரை இறுகப் பிடித்து நிற்கும். நின்ற பிறகுதான் சுவரின் இடுக்கால் நெளிந்து வெளியே இறங்கிக் கிருமியிடம் போக முடியும். பிடிக்க முடியாவிட்டால் இறங்கவும் முடியாது.

கற்பிட்டி பஸ்ஸில் நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். பஸ் நிறையச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவன் ஊரில் சனம் கூடிவிட்டது என்கிறான். உள்ளே இருக்கிறவனைக் கேட்டால், கதவு பூட்டிக் கிடக்கிறது, இறங்க வேண்டியவன் ஒருவனும் இறங்கவில்லை, அதுதான் நெருக்கம் என்பான். நான் இருபத்தாறாம் நாள் பார்த்த அறுபத்திரண்டாயிரமும் அந்த நெருக்கம்தான். சண்டைக்குப் படை திரண்டு நிற்கிறது என்று எண்ணிக் கையெழுத்து வைத்தேன். ஒரு குழியத்துக்கும் சுவரைப் பிடிக்கக் கை இல்லை. பிறக்கும்போதே இல்லை.

கொடி விழாததும் அதனால்தான். காய்ந்த கொடியை உடம்பிலிருந்து அறுத்துவிடுவதும் அந்த இடத்துக்கு வந்து சேர்கிற இதே வெண்குழியங்களின் வேலை. தாய் யன்னலில் நின்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னாள். சீழ் வரவில்லை. கொடி விழவில்லை. புத்தகத்தில் எழுதியிருந்த வரிசைப்படியே சொன்னாள்.

இப்போது நான் செய்ய வேண்டியது என்ன? எழும்பி ஐம்பது அடி நடந்து வாட்டுக்குப் போய் டொக்டரிடம் சொல்வது. நோய் இன்னது என்று எழுத நமக்கு அதிகாரம் இல்லை, ஆனால் போய்ச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

நான் போகவில்லை.

நான் நினைத்தது சரியாக இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். மூன்று முத்திரையும் பிழை என்று ஆகும். அந்தத் தாதிப் பிள்ளை சரியாகத்தான் எடுத்தாள் என்று ஆகும். அவளிடம் விளக்கம் கேட்க வைத்தது யார் என்று வரும். என் கையெழுத்தில் இருக்கிற அந்த ஒரு வரியை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். பிழையாக இருந்தாலோ, வாய்க்காரி டொக்டர் ஆகப் பார்த்தாள் என்று சிரிப்பார்கள். இன்னொரு தரம் இரத்தம் எடுத்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு சொல்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை போயா விடுமுறை. சனி, ஞாயிறு. ஒரு துண்டில் எழுதினேன், கிழித்தேன். தொலைபேசி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கோழைத்தனத்துக்கு உறுதிப்படுத்துதல் என்று பெயர் வைத்து நாலு நாள் கடத்தினேன்.

முதல் பிழையை மன்னிக்கலாம் என்று நினைக்கிறேன். விதி அப்படி, நோய் அபூர்வம், வாழ்நாளில் ஒன்று பார்த்தாலே பெரிய விஷயம். இந்த நாலு நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை போனேன். பிள்ளைகள் வாட்டின் பெரிய டொக்டர் இரண்டு படிவத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னைவிட வயது குறைந்தவர், அவசரப்படாத மனிதர்.

"கொடி எப்ப விழுந்தது மிஸ்?"

"தெரியாது சேர்."

"வாட்டில யாருக்காவது தெரியுமா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அவர் எழும்பி நேரே கட்டிலடிக்குப் போனார், நானும் பின்னால் போனேன். ரிஸ்மியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நாப்பத்தொன்பதாம் நாள் சேர்" என்றாள். "தானா விழேல்ல. துடைக்கேக்க பஞ்சோட ஒட்டிக்கொண்டு வந்தது."

"உங்கட கணவர் சொந்தமா?"

"ஓம் சேர். மாமி மகன்."

டொக்டர் என்னைப் பார்த்தார். சொந்தத்தில் கட்டுவதில் குற்றமாக ஒன்றும் இல்லை. நானும் என் மாமி மகனைத்தான் கட்டியிருக்கிறேன், இந்தக் கரையில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் இந்த நோய் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு குறையை ஒளித்துவைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிற நோய், சொந்தத்தில் இரண்டு குறையும் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் கேட்டார்.

அன்றே கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே பரிசோதித்து, ஆம், சுவரைப் பிடிக்கிற அந்தப் பொருள் இந்தக் குழந்தையின் வெண்குழியங்களில் இல்லை என்று உறுதிப்படுத்தினார்கள். வெண்குழியங்களை உண்டாக்குகிற எலும்பு மச்சையை மாற்றினால் பிழைக்க வழி உண்டு. நாலு வயது அண்ணனைச் சோதித்தார்கள், அவனுடையது பொருந்தியது. அது பொருந்துவதே பெரிய அதிர்ஷ்டம் என்றார்களாம். ஆனால் மாற்றுவதற்கு முன் தொற்று அடங்க வேண்டும். அது அடங்கவில்லை. நுரையீரலுக்குப் போனது. கொழும்புக்குப் போன பத்தொன்பதாம் நாள் மின்ஹா மௌத்தானாள். கொழும்பிலிருந்து கொண்டுவந்து கரைத்தீவில் அடக்கினார்கள்.

இருபத்தாறாம் நாளே அனுப்பியிருந்தால் தப்பியிருப்பாளா? டொக்டரிடம் கேட்டேன். "சொல்ல ஏலாது மிஸ்" என்றார். நல்ல மனிதர், அப்படித்தான் சொல்வார். அந்த "சொல்ல ஏலாது" என்பதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் நித்திரை கொண்டேன். பிறகு அதுவும் உதவவில்லை.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். நான் எழுதிய அந்த வரி கோப்போடு கொழும்பு வரை போயிருக்கிறது. அங்கே முதல் நாள் டொக்டர்மார் வட்டமாக நின்று அவளிடம் கேட்ட முதல் கேள்வி, தொப்புளில் என்ன பூசினீர்கள் என்பதுதான். மையத்தை அடக்கிய அன்று வீட்டிலும் யாரோ அதைத்தான் கேட்டார்களாம். பெற்ற பிள்ளையைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்று ஊரில் ஒரு கதை. அந்தக் கதைக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்.

தாதிப் பிள்ளை சிலாபத்துப் பக்கம் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்தேன். நீர் சரியாகத்தான் எடுத்தீர், பிழை என்னுடையது என்றேன். "சரி அக்கா" என்றாள். வைத்துவிட்டாள். பொறுப்புத் தாதிக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதைக் கோப்பில் போட்டார்களா, குப்பையில் போட்டார்களா என்று தெரியாது.

இதற்குப் பிறகு ஆய்வுகூடத்தில் ஒரு வேலை செய்தேன். பெரிய வேலை இல்லை. முத்திரை குத்துவதற்கு முன் அதே நோயாளியின் இரத்த எண்ணிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், இரண்டாம் தரமும் அதே மாதிரி வந்தால் முத்திரையைத் தொடாமல் வாட்டுக்குப் போய்ப் புண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். போன மாதம் உங்களில் ஒருவரிடம் அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். சுவருக்குச் சாயம் பூசும்போது எடுத்துவிட்டார்கள் என்றீர்கள். முத்திரை இருக்கிறதா என்றேன். "ஓம் மிஸ், புதுசா இன்னும் ஒண்டு செய்திருக்கிறம்" என்றீர்கள். நல்லது. தாளையும் புதிதாக ஒன்று எழுதி ஒட்டுங்கள். நான் வந்து ஒட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஓய்வுபெறுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ரிஸ்மியாவைத் திரும்பப் பார்த்தேன். காலை பத்து மணி. யன்னலில் ஆள் நெருக்கம். வாசலில் கழுதை ஒன்று நோயாளிகளோடு சேர்ந்து நிழலுக்கு ஒதுங்கி நின்றது. வரிசை நகர்ந்து நகர்ந்து ஒருத்தி முன்னால் வந்தாள். கையில் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மின்ஹா போய் இரண்டு வருடம்.

என் காலம் முடியப் போகிறது, இப்போது மன்னிப்புக் கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று நினைத்தேன். அவளிடம் சொல்ல வேண்டியதை இரண்டு வருடமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல், பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டேன். கதிரையைக் காட்டினேன். அவள் இருக்கவில்லை.

"கொழும்பில சொன்னவங்க, அடுத்த புள்ளைக்கும் வரலாம் எண்டு" என்றாள். "ரத்தம் பாக்கோணும்."

நானே எடுத்தேன். சுண்டு விரல் அளவு காலில் நரம்பு தேடி எடுக்கும்போது குழந்தை வீரிட்டு அழுதது. இயந்திரத்தில் வைத்துவிட்டு இருவரும் நின்றோம். கடைசி உறுதி கொழும்புப் பரிசோதனையில்தான் வரும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த எண்ணுக்காக இரண்டு பேரும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பதின்மூவாயிரம்.

"நல்ல எண் தங்கச்சி" என்றேன். "கொழும்புக்கும் அனுப்புவம். ஆனா இது நல்ல எண்."

அவள் அழவில்லை. தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து, எங்கள் மேசையில், அந்த முத்திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள். உள்ளே காய்ந்து கறுத்து, கராம்பு போல ஒரு துண்டு.

"கொடி எட்டாம் நாள் விழுந்திட்டுது மிஸ். மாமி புதைக்கக் கேட்டவ. நான் குடுக்கேல்ல. உங்களுக்குக் காட்டிப்போட்டுப் புதைப்பம் எண்டு கொண்டு வந்தனான்."

நான் அதைப் பார்த்தேன். அவள் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடி வரை போனவள் நின்று, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இதுக்கும் நான் ஒண்டும் பூசேல்ல."